ஏசி குளிர வைக்கும், காற்றை மாற்றாது

(கூட்டமைப்பின் மாதாந்திரக் கூட்டத்தில் சுகாதார உபகுழு உறுப்பினர்கள் பேசியதன் எழுத்து வடிவம்)



போன கூட்டத்தில் கடன் மனுக்களைப் படித்தபோது ஒரு விஷயம் எல்லோர் கண்ணிலும் பட்டிருக்கும். முன்பெல்லாம் கறவை மாடு, வெள்ளாடு, தையல் மெஷின், பிள்ளைகள் படிப்பு என்றுதான் மனு வரும். இந்தத் தடவை நாலு மனு ஏசி வாங்க வந்திருந்தது. யாரும் சிரிக்கவில்லை. கத்திரி வெயிலில் காங்கிரீட் வீட்டுக்குள் ராத்திரி பதினோரு மணிக்குக் கூடச் சுவர் சுடுகிறது. ஷீட் போட்ட வீடு என்றால் கேட்கவே வேண்டாம். பகலெல்லாம் நூறு நாள் வேலைக்கும் களையெடுக்கவும் போய்விட்டு வருகிற பொம்பளைக்கு ராத்திரி நாலு மணி நேரமாவது தூக்கம் வேண்டாமா? ஏசி பணக்காரர் சாமான் என்று சொல்லிக்கொண்டிருந்த காலம் போய்விட்டது. ஆகவே யாரும் ஏசி வாங்கக் கூடாது என்று சொல்ல நாங்கள் வரவில்லை.

நாங்கள் பேச வந்ததற்குக் காரணம் நம் குழுத் தங்கச்சி ஒருத்தி. பேர் வேண்டாம், அவள் இங்கேதான் உட்கார்ந்திருக்கிறாள். அவளிடம் கேட்டுக்கொண்டுதான் சொல்கிறோம்.

அவள் மகனுக்கு நாலு வயசு. இரண்டு வயசிலிருந்தே வீசிங். ஆரம்ப சுகாதார நிலையத்து டாக்டரம்மா, "தூசி, புகை படாம பார்த்துக்கோம்மா" என்று சொல்லியிருக்கிறார். தூசி படாமல் இருக்கணும்னா கதவைச் சாத்தணும், சாத்தினா புழுங்கும், அப்ப ஏசி போடணும். இப்படித்தான் அவள் யோசித்தாள். சொந்தக்காரர் ஒருத்தரும், "ஏசி ரூம்ல சுத்தமான காத்து வரும், புள்ளைக்கு நல்லது" என்று சொன்னார். மனு போட்டாள். நாம்தான் தீர்மானப் புத்தகத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கடன் கொடுத்தோம். எங்களில் ஒருத்தரும் ஒரு கேள்வி கேட்கவில்லை. பிள்ளைக்காக என்று சொன்னால் யாருக்குக் கேட்கத் தோணும்?

ஏசி மாட்ட வந்தவர், குளிர் வெளியே போகக் கூடாது என்று சொல்லி அந்த அறையின் ஒரே ஜன்னலை அட்டை வைத்து டேப் ஒட்டி அடைத்துவிட்டுப் போனார். பத்துக்குப் பத்து அறை. அதில் அப்பத்தா, புருஷன், இவள், இரண்டு பிள்ளைகள். ஒன்பது மணிக்குக் கொசுவர்த்திச் சுருள் ஏற்றுவார்கள். பத்து மணிக்கு ஏசி போடுவார்கள். பதினைந்து நாளில் பையனுக்கு இளைப்பு அதிகமாகி, நடுராத்திரி ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள். நாங்கள் பார்க்கப் போனபோது அவள் கேட்டது இதுதான்: "அக்கா, கடனை வாங்கி வியாதியையும் சேர்த்து வாங்கிட்டேனா?"

அந்தக் கேள்விக்கு எங்களுக்கு அப்போது பதில் தெரியவில்லை. உண்மையைச் சொல்லிவிடுகிறோம். வெளியே ஒரு பெட்டி, உள்ளே ஒரு பெட்டி, நடுவில் குழாய். அந்தக் குழாய் வழியாக வெளிக்காற்று வடிகட்டிக் குளிர்ந்து உள்ளே வருகிறது என்றுதான் நாங்களும் நினைத்திருந்தோம். பக்கத்து ஊரில் ஏசி ரிப்பேர் பார்க்கிற தம்பியைக் கூட்டி வந்து, மூடியைத் திறந்து காட்டச் சொல்லித்தான் தெரிந்துகொண்டோம்.

அந்தக் குழாயில் காற்றே போவதில்லை. அதில் ஓடுவது ஏசி கேஸ். உள்ளே இருக்கிற பெட்டி, அறைக்குள் இருக்கும் காற்றையே இழுத்து, குளிர்ந்த கம்பிச்சுருள் மேல் ஓடவிட்டு, அதையே திரும்ப நம் மேல் விடுகிறது. அந்தக் காற்றில் இருந்த சூட்டை மட்டும் கேஸ் சுமந்துகொண்டு வெளிப்பெட்டிக்குப் போய்க் கொட்டிவிட்டு வருகிறது. நாம் வீடுகளில் மாட்டுகிற ஸ்பிளிட் ஏசி எல்லாம் இப்படித்தான். ராத்திரி பூரா ஒரே காற்றுதான் சுற்றிச் சுற்றி வருகிறது. அஞ்சு பேர் மூச்சும் அதிலேதான், கொசுவர்த்திப் புகையும் அதிலேதான். பழைய குளத்தில் தண்ணீரைக் குளிர வைத்தால் அது புதுத் தண்ணீர் ஆகிவிடுமா?

"உள்ளே வலை இருக்கே, அது வடிகட்டாதா?" என்று எங்களில் ஒரு மதினி கேட்டார். நியாயமான கேள்வி. அந்த வலை தலைமுடி, பஞ்சு, கண்ணுக்குத் தெரிகிற தூசி இதையெல்லாம் பிடிக்கும். புகை பிடிபடாது. புகையில் இருக்கும் நுண்துகள் தலைமுடியின் கனத்தில் முப்பதில் ஒரு பங்குகூட இல்லை. மூக்கு மயிரையும் தாண்டி நுரையீரலின் அடிவரைக்கும் போய் உட்காருவது அதனால்தான். சிறு பிள்ளைகளுக்கு மூச்சுக்குழாய் ரொம்பச் சின்னது, கொஞ்சம் வீங்கினாலே அடைத்துக்கொள்ளும்.

கொசுவர்த்தியைப் பற்றி ஒரு கணக்குச் சொல்கிறோம். சீனாவிலும் மலேசியாவிலும் விற்ற சுருள்களை எரித்துப் பார்த்து, 2003-ல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். ஒரே ஒரு சுருள் எரிந்து முடிந்தால் வருகிற நுண்துகள், 75 முதல் 137 சிகரெட் எரிந்தால் வருவதற்குச் சமம் என்று அதில் கண்டார்கள். வீட்டு ஆம்பளை திண்ணையில் ஒரு பீடி குடித்தால் எத்தனை சத்தம் போடுகிறோம்! ஜன்னலை அடைத்த அறைக்குள் இதை நம் கையாலேயே ஏற்றி வைத்துவிட்டுப் பிள்ளையைத் தட்டித் தூங்க வைக்கிறோம். திறந்த வீட்டில் அந்தப் புகை எப்படியோ கலைந்துவிடும். ஏசி அறையில் கலைய இடமில்லை.

அதுக்காகக் கொசுக்கடி பட முடியுமா? டெங்கு வந்தால் யார் பார்ப்பது? நைலான் வலைதான் வழி. ஜன்னலை அளந்து ஹார்டுவேர் கடையில் வலை வாங்கி, சுற்றிலும் வெல்க்ரோ பட்டை ஒட்டிவிடலாம். பெரிய வேலை இல்லை, நம் தையல் பயிற்சி எடுத்த பிள்ளைகளே செய்துவிடுவார்கள். படுக்கைக்குக் கொசுவலை கட்டினால் இன்னும் நல்லது. குளிர்ந்த அறைக்குக் கொசு வராது என்பதை நம்ப வேண்டாம். கொஞ்சம் மந்தமாகுமே தவிரப் போய்விடாது.

அந்தத் தங்கச்சி வீட்டில் இன்னொன்றும் பார்த்தோம். ஏசி அறையின் பின்சுவரை ஒட்டித்தான் கொல்லைப்புறத்தில் வெந்நீர் அடுப்பு. கேஸ் அடுப்பு இருக்கிறது, சமையல் எல்லாம் அதில்தான். ஆனால் குளிக்க வெந்நீர், மாட்டுக்குத் தீவனம் காய்ச்சுவது, நெல் அவிப்பது எல்லாம் கருவேல விறகில்தான். நம்மில் எத்தனை வீட்டில் அப்படி இல்லை? சிலிண்டரைப் பார்த்துப் பார்த்துத்தானே செலவழிக்கிறோம். 2016-ல் உஜ்வலா திட்டம் வந்த பிறகு கேஸ் இணைப்பு இல்லாத வீடு குறைந்துவிட்டது, விறகடுப்பு இல்லாத வீடு அந்த அளவுக்கு வந்துவிடவில்லை. காலை ஐந்து மணிக்கு அடுப்பைப் பற்றவைத்தால் அந்தப் புகை கதவிடுக்கு வழியாக அறைக்குள் வந்து, ஏசி அதையும் சேர்த்துச் சுற்றுகிறது.

புகை சாதாரண விஷயம் இல்லை, சகோதரிகளே. வீட்டுக்குள் எரிக்கும் அடுப்புப் புகையால் 2020-ம் வருஷத்தில் மட்டும் உலகம் முழுக்க 32 லட்சம் பேர் செத்தார்கள் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு. அதில் 2 லட்சத்து 37 ஆயிரத்துக்கு மேல் ஐந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள். நம் கள்ளக்குறிச்சி, நாகப்பட்டினம் மாவட்டங்களையும் சேர்த்து நாலு நாடுகளில் 3,200 கர்ப்பிணிப் பெண்களை வைத்து ஓர் ஆராய்ச்சி செய்தார்கள். பாதிப் பேருக்கு கேஸ் அடுப்பும் சிலிண்டரும் இலவசம், மற்றவர்கள் வழக்கம்போல விறகு. கேஸ் வீட்டுப் பெண்கள் மேல் பட்ட நுண்துகள் விறகு வீட்டுப் பெண்களுக்குப் பட்டதில் மூன்றில் ஒரு பங்குதான். ஆனால் பிறந்த பிள்ளைகளின் எடையில் எதிர்பார்த்த வித்தியாசம் இல்லை என்று 2022-ல் முடிவு வந்தது. இதையும் மறைக்காமல் சொல்கிறோம். அடுப்பை மட்டும் மாற்றினால் எல்லாம் சரியாகிவிடும் என்று யாராவது மேடையில் சொன்னால் நீங்கள் கேள்வி கேட்க வேண்டும். அதே சமயம் மூன்றில் ஒரு பங்காகக் குறைகிற புகையை வேண்டாம் என்று சொல்வாரும் உண்டா?

வெந்நீர் அடுப்பை இடம் மாற்றுவதற்கு அந்த வீட்டு அப்பத்தாதான் முதலில் மறுத்தார். "நாப்பது வருஷமா இங்கதான் எரியுது, அப்ப யாருக்கும் இளைப்பு வரலையே" என்றார். நாங்கள் பதில் சொல்லவில்லை. அவரே கொஞ்ச நேரம் கழித்து, "எனக்கு இருமல்தான் நாப்பது வருஷமா இருக்கு" என்று சொல்லிச் சிரித்துவிட்டார். இப்போது அடுப்பு முருங்கை மரத்துக்கு அந்தப் பக்கம் போய்விட்டது.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். புகையாவது கண்ணைக் கரிக்கும், இருமல் வரும், எழுந்து ஓடிவிடுவோம். கரி நெருப்பிலிருந்து கார்பன் மோனாக்சைடு என்று ஒரு விஷவாயு வருகிறது. அதற்கு வாசனையும் கிடையாது, நிறமும் கிடையாது. அடைத்த அறையில் கரி நெருப்பு கனிந்துகொண்டே இருந்தால் தூங்குகிறவர்கள் தூங்கியபடியே உயிர் விட்டுவிடுவார்கள். பச்சைப் பிள்ளையைக் குளிப்பாட்டிச் சாம்பிராணி காட்டுகிற பழக்கம் நம்மிடம் உண்டு. பிரசவமான பெண்ணின் அறையில் இப்போது ஏசியும் இருக்கிறது. சாம்பிராணிச் சட்டியை உள்ளே வைத்துக் கதவைச் சாத்தாதீர்கள். குழந்தைக்குப் புகையே வேண்டாம் என்றுதான் டாக்டர்கள் சொல்கிறார்கள். பெரியவர்கள் மனசு கேட்கவில்லை என்றால் சட்டியைத் திண்ணையிலேயே வைத்து வாசனை மட்டும் காட்டிவிட்டு அணைத்துவிடுங்கள். அதேபோல மின்சாரம் போனால் ஜெனரேட்டரை வீட்டுக்குள் வைத்து ஓட்டவே கூடாது.

இனி ஏசியின் சில்லறைத் தொந்தரவுகளுக்கு வருகிறோம். இதில்தான் காசு போகிறது.

முதலில் அந்த வலை. நாங்கள் பார்த்த ஏழு வீட்டில் ஐந்து வீட்டில் வாங்கின நாள் முதல் கழற்றவே இல்லை. ஒரு வீட்டில் வலை, கோழிக்குஞ்சுத் தோல் மாதிரி சாம்பல் பூத்திருந்தது. ஸ்விட்சை அணைத்துவிட்டு முன்மூடியைத் தூக்கினால் வலை கையோடு வரும். பின்பக்கமிருந்து குழாய்த் தண்ணீர் விட்டுக் கழுவி, நிழலில் காயவைத்து மாட்டுங்கள். வெயிலில் போட்டால் பிளாஸ்டிக் கோணிவிடும். இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை செய்தால் போதும். ரோட்டோரத்து வீடு, களத்துமேட்டுப் பக்கத்து வீடு என்றால் வாரம் ஒரு தடவை. இதுக்கு மெக்கானிக் வேண்டியதே இல்லை.

எங்களில் மூத்தவர்களுக்குப் புகையில்லா அடுப்பு ஞாபகம் இருக்கும். 1980-களில் சர்க்கார் திட்டத்தில் குழாய் வைத்து மண் அடுப்புக் கட்டிக்கொடுத்தார்கள். நல்ல அடுப்புதான். குழாயில் கரி அடைத்தது, யாரும் தட்டி எடுக்கவில்லை, புகை திரும்ப வீட்டுக்குள்ளேயே வந்தது, கடைசியில் அடுப்பு சரியில்லை என்று இடித்துப்போட்டோம். ஏசி வலை விஷயத்திலும் அதே கதையைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

உள்பெட்டியிலிருந்து தண்ணீர் சொட்டினால் பயப்படாதீர்கள். அறையின் ஈரம்தான் தண்ணீராகிச் சின்னக் குழாய் வழியாக வெளியே போகிறது. அந்தக் குழாயில் பாசி, அழுக்கு அடைத்துக்கொண்டால் உள்ளே வழியும். குழாய் எங்கேயும் மேலே ஏறாமல் சரிவாக இருக்க வேண்டும். சொட்டுகிறதை விட்டுவிட்டால் சுவர் ஈரமாகிப் பூஞ்சை பிடிக்கும். ஏசி போட்டதும் நனைந்த சாக்கு மாதிரி நாற்றம் வந்தால் அது பூஞ்சைதான். வீசிங் பிள்ளைகளுக்குப் பூஞ்சையும் ஆகாது. மழைக்காலத்தில் ஈரத்துணியை ஏசி அறைக்குள் கொடி கட்டிக் காயப்போடுகிறவர்களுக்கும் இதையே சொல்கிறோம். வெளியே வருகிற தண்ணீரைச் செடிக்கு விடலாம், வீடு துடைக்கலாம், குடிக்கக் கூடாது.

அடுத்தது கேஸ். "வருஷா வருஷம் கேஸ் நிரப்பணும்" என்று சொல்லி ஒரு வீட்டில் மூன்று வருஷமாகப் பணம் வாங்கியிருக்கிறார் ஒருவர். சகோதரிகளே, ஏசி கேஸ் சமையல் கேஸ் மாதிரி எரிந்து தீர்கிற சாமான் அல்ல. மூடின குழாய்க்குள் சுற்றிக்கொண்டே இருப்பது. குறைந்துவிட்டது என்றால் எங்கோ ஓட்டை இருக்கிறது. "ஓட்டையைக் காட்டு தம்பி, அடைத்துவிட்டு நிரப்பு" என்று கேளுங்கள். காட்டாமல் நிரப்பினால் காசு காற்றோடு போகும். உள்கம்பியில் ஐஸ் கட்டினால் முதலில் வலையைக் கழுவிப் பாருங்கள், பாதி நேரம் அதிலேயே சரியாகிவிடும். இப்போது வருகிற புது ஏசிகளில் பலதில் ஆர் 32 என்ற கேஸ், தீப்பிடிக்கக் கூடியது. தெரியாதவர்கள் கையில் கழற்றக் கொடுக்காதீர்கள்.

வயரிங் விஷயத்தில் சிக்கனமே வேண்டாம். பழைய தொகுப்பு வீடுகளில் லைட்டுக்கும் ஃபேனுக்கும் போட்ட வயரில் ஏசியை மாட்டினால் வயர் சூடாகி உருகும். எக்ஸ்டென்ஷன் பெட்டியில் செருகவே கூடாது. தனி வயர், தனி எம்சிபி, சரியான எர்த், மூன்றும் வேண்டும். வோல்டேஜ் ஏறி இறங்குகிற ஊருக்கு ஸ்டெபிலைசரும் வேண்டும். கடன் கணக்குப் போடும்போது ஏசி விலையை மட்டும் எழுதாமல் இதையும் சேர்த்து எழுதுங்கள்.

கரண்ட் பில்லும் கடன் மாதிரிதான். ஒரு டன் ஏசி, கம்ப்ரசர் ஓடுகிற நேரத்தில் மணிக்குச் சுமாராக ஒரு யூனிட் இழுக்கும். ராத்திரிக்கு ஐந்தாறு யூனிட் என்று வைத்துக்கொண்டாலும் மாதத்துக்கு 150-க்கு மேல் போகிறது. யூனிட் ஏற ஏற ஒரு யூனிட்டின் விலையும் ஏறும். பதினெட்டில் வைத்தால் சீக்கிரம் குளிரும் என்பது தப்பு. எந்த எண்ணில் வைத்தாலும் குளிர்கிற வேகம் ஒன்றுதான், எப்போது நிற்கும் என்பதுதான் வித்தியாசம். 2020 ஜனவரி முதல் ஸ்டார் முத்திரை உள்ள வீட்டு ஏசிகள் போட்டவுடன் 24 டிகிரியில்தான் ஆரம்பிக்க வேண்டும் என்று மத்திய அரசு விதி செய்தது. 24 அல்லது 26-ல் வைத்து, ஃபேனை மெதுவாகப் போட்டுக்கொண்டால் நன்றாகவே தூக்கம் வரும். மொட்டை மாடியில் கோடைக்கு முன்னால் வெள்ளையாகச் சுண்ணாம்பு அடித்தாலும் அறைச் சூடு இறங்கும். சிலருக்கு அதுவே போதும், ஏசிக் கடன் வேண்டியிருக்காது.

செடி வைத்தால் அறைக்காற்று சுத்தமாகும் என்று சொல்லிச் சந்தையில் தொட்டி விற்கிறார்கள். அழகுக்கு வாங்குங்கள், தப்பில்லை. புகையைச் சாப்பிடும் என்று நம்பி வாங்காதீர்கள். வாசனை ஸ்பிரேயும் நாற்றத்தை மூடுமே தவிர எதையும் எடுக்காது.

சரி, அந்தப் பையன் எப்படி இருக்கிறான் என்று கேட்பீர்கள். ஜன்னல் அட்டையைப் பிய்த்து எறிந்துவிட்டு வலை அடித்தோம். படுக்கிறதுக்கு முன்னாடி கால் மணி நேரம், எழுந்ததும் கால் மணி நேரம் ஜன்னல், கதவு இரண்டையும் திறக்கிறார்கள். பக்கத்தில் யாராவது குப்பை எரித்தால் மட்டும் சாத்திவைப்பார்கள். ஏசி ஓடும்போது ஜன்னலில் ஒரு விரல்கடை சந்து விடுகிறார்கள். கொஞ்சம் கரண்ட் கூடத்தான் ஆகும், ஆகட்டும். கொசுவர்த்தி நின்றது. டாக்டரம்மா கொடுத்த இன்ஹேலர் நிற்கவில்லை. பழக்கமாகிவிடும் என்று பயந்து அவள் இடையில் நிறுத்தியிருந்தாள், அதுவும் ஒரு காரணம்தான். டாக்டர் சொல்லாமல் நிறுத்தக் கூடாது. இந்த மூன்று மாசத்தில் ஒரு தடவைதான் இளைப்பு வந்தது, ராத்திரி ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டியிருக்கவில்லை. முழுக்கக் குணமாகிவிட்டது என்று நாங்கள் சொல்ல மாட்டோம். கடன் தவணை இன்னும் பதினாலு மாசம் இருக்கிறது, ஒழுங்காகக் கட்டிக்கொண்டு வருகிறாள்.

ஏசிக் கடன் மனு வந்தால் குழுவில் மூன்று கேள்வி கேட்க வேண்டும் என்று நாங்கள் தீர்மானம் கொண்டுவருகிறோம். ஜன்னலுக்கு வலை அடித்தாயிற்றா? தனி வயர் போட்டாயிற்றா? வலையை யார் கழுவுவார்கள்? பதில் எழுதின பிறகு கையெழுத்து. போன மாசத்து நாலு மனுவுக்கும் இது பொருந்தும். அந்த நாலு பேரும் எங்கள் மேல் கோபப்பட வேண்டாம்.

சாப்பாட்டுக்கு அப்புறம் கூட்டமைப்பு அலுவலகத்து ஏசியைத் திறந்து வலை கழற்றிக் காட்டப்போகிறோம். அதையும் நாங்கள் இரண்டு வருஷமாகக் கழுவவில்லை என்று இன்று காலையில்தான் கண்டுபிடித்தோம். முந்தானையை மூக்கில் கட்டிக்கொண்டு பக்கத்தில் வாருங்கள்.